பந்தி முடியட்டும்

கழுவித் துடைத்து, கதவுகளை விரியத் திறந்து காற்றாடப் போட்டிருந்த வண்டியின் பின்பெட்டியிலிருந்து பாயச வாசனை வந்தது.

கலைச்செல்வி உள்ளே ஏறவில்லை. ஒரு காலைப் பின்படியில் வைத்தபடி அப்படியே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். வெல்லம் பாகாகி, அதில் நெய்யும் ஏலக்காயும் விழுந்து, தேங்காய்ப்பால் ஊற்றும் நேரத்தில் குப்பென்று எழும் வாசனை. பாத்திரத்தின் அடியில் ஒட்டிக் காய்ந்துபோன பழைய வாசனை இல்லை அது; சூடாக இருந்தது. வெளியே கர்க்கடக மாதத்து மழை பெய்துகொண்டிருந்தது. இந்த மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, மண்டபங்களெல்லாம் பூட்டிக் கிடந்தன, இந்த வண்டியில் பாத்திரம் ஏறி வாரக்கணக்கில் ஆகியிருந்தது. தகரத் தரையில் சோப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடங்களைத் தவிர ஒன்றுமில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று ஒன்று வந்து வாசனையைக் கொண்டுபோயிற்று.

பக்கத்து டீக்கடையில் ஏதாவது அடுப்பில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். டீக்கடை மத்தியானமே அடைத்துவிட்டது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திருவல்லத்தில் பைபாஸை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில், ஒரு டயர் கடைக்கும் மூடிக்கிடந்த டைல்ஸ் கடைக்கும் நடுவே இருந்தது அவள் பட்டறை. ஒரு பெண் வண்டிக்கு வயரிங் பார்ப்பதை முதலில் வேடிக்கை பார்த்தவர்கள், பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். இந்த வண்டி தாணுமாலையன் அண்ணாச்சியுடையது. கரமனையில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்துகிறவர். பழைய டீசல் பிக்கப். பின்னால் தகரத்தில் பெட்டி கட்டி, இரட்டைக் கதவு வைத்து, வெளிப்புறம் நீளமாக ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தார். ஓட்டுகிறவர் திரும்பிப் பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ள வசதியாக, கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே கைக்குட்டை அளவில் ஒரு கண்ணாடி இருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியில் கரண்ட் போய்விடுகிறது என்று கொண்டுவந்து விட்டிருந்தார். ஹெட்லைட், வைப்பர், ஹாரன், டேஷ்போர்டு வெளிச்சம் எல்லாம் ஒரே நொடியில் செத்துவிடும். எஞ்சின் மட்டும் ஓடும். அந்தக் காலத்து டீசல் எஞ்சின் ஒருமுறை பிடித்துவிட்டால் அதற்குக் கரண்ட் வேண்டாம். டீசல் வந்துகொண்டிருக்கிறவரை ஓடிக்கொண்டே இருக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கண் தெரியாமல், சத்தம் கொடுக்கவும் முடியாமல் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கொஞ்ச தூரத்தில் தானாகவே எல்லாம் திரும்பி வரும்.

விட்டுவிட்டு வருகிற கோளாறைப் போலத் தொல்லை வேறில்லை. பட்டறைக்குள் நுழைந்ததும் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும். அவள் பேட்டரி முனைகளைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டினாள். பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் வயர்களை மீட்டர் வைத்துப் பார்த்தாள். மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச், ஆல்டர்னேட்டர், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து மறுபடி கூட்டினாள். வயர் கட்டு முழுவதையும் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். மீட்டரின் முள் அசையவில்லை. இரண்டு சாயங்காலம் தனியாகக் கோவளம்வரை ஓட்டிப் போய் வந்தாள். ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை.

அன்று மத்தியானம் ஷிஜு வந்தான். போன மாதம்வரை இந்த வண்டியை ஓட்டியவன். கேபினில் மறந்துவிட்ட மழைக்கோட்டை எடுக்க வந்திருந்தான். கோட்டை எடுக்கக் கேபினுக்குள் தலையை விடாமல், வெளியிலிருந்தே கையை நீட்டித் துழாவினான்.

"ஏன்டா வேலைய விட்டே?" என்று கேட்டாள்.

"வேற வண்டி கிட்டி, சேச்சி."

"இந்த வண்டிக்கு என்ன கொழப்பம்னு நீயாவது சொல்லு. எங்க வச்சு கரண்ட் போவுது?"

அவன் கோட்டை மடித்துக்கொண்டே இருந்தான். மடித்து முடித்ததை உதறி மறுபடி மடித்தான். "சாக்கைப் பாலம் எறங்கினா போவும். கழக்கூட்டம் சேர்றதுக்கு முன்ன வரும். ஆனா நான் தனியே போனா ஒண்ணும் இல்ல சேச்சி. மொதலாளி வண்டியில இருக்கணும். அவரு இருந்தா மட்டும் போவும்."

"அதெப்படி?"

"எனக்கு அறியில்லா. பயமா இருக்கு. அவ்வளவுதான்." ஸ்கூட்டரில் ஏறியவன், கிளம்பாமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான். "சேச்சி, உங்க தம்பி போன அன்னிக்கு நான் லீவு. மொதலாளிதான் ஓட்டினாரு. அது உங்களுக்குத் தெரியும் அல்லே?"

தெரியும். அது அவளுக்குத் தெரியும்.

தம்பி செல்வகணேஷை அந்தச் சமையல் கூட்டத்தில் சேர்த்துவிட்டதே அவள்தான். பணகுடியிலிருந்து வேலை தேடி வந்தவனை அண்ணாச்சியிடம் கூட்டிப்போய் நிறுத்தினாள். போன வைகாசியில் ஒரு கல்யாணம். கழக்கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம். அகலவாய்ப் பாயசப் பாத்திரமான வார்ப்பு தளும்பாமல் பிடித்துக்கொள்ளப் பின்பெட்டியில் தம்பி ஏறி உட்கார்ந்தான். சாக்கைப் பாலம் இறங்கும்போது எதிரில் ஏதோ வந்து பிரேக் அடித்ததில் வார்ப்பு சரிந்தது, தலை இரும்பில் மோதி அந்த நொடியே உயிர் போயிற்று, கொதிபாயசம் மேலே விழுந்தது அதற்கப்புறம்தான், அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது மக்ளே என்று அண்ணாச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆம்புலன்ஸில் ஊர்வரை கூடவே வந்தார். பதினாறு முடியும்வரை இருந்தார். அதற்குப் பிறகும் தன் வண்டி, தெரிந்தவர்கள் வண்டி என்று எல்லா வேலையையும் அவளிடமே அனுப்பினார். அப்படிப்பட்ட மனிதர்.

துணியால் சுற்றியிருந்த உடம்பில் அவளுக்குக் காட்டியது முகத்தின் ஒரு பக்கத்தையும் கைகளையும்தான். இரண்டு கை விரல்முட்டிகளும் பிளந்து எலும்பு தெரிந்தது. கேட்டதற்கு, "எறக்கும்போ எங்கயாவது ஒரசியிருக்கும்" என்றார். அவளும் கேட்டுக்கொண்டாள்.

ஷிஜு போனபிறகு வெகுநேரம் அவள் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, எதையும் அளக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தரைக்குமேல் அண்ணாச்சி குடையை உதறிக்கொண்டு வந்தார். நெற்றியில் திருநீறு மழையில் கரைந்திருந்தது.

"என்ன மக்ளே, ஆப்ட்டுதா?"

"எல்லாம் பாத்தாச்சு அண்ணாச்சி. நின்னா ஒண்ணும் இல்ல. ஓடும்போ பாக்கணும்."

"நீ ஓட்டிப் பாக்கலியா?"

"பாத்தேன். நான் ஓட்டுனா வரமாட்டேங்குது." அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஓட்டணும். நான் பின்னால இருந்து வயரப் பாக்கேன்."

அவர் குடையை மடக்கினார். "பின்னாலயா? பெட்டிக்குள்ள எதுக்குப் பிள்ள? முன்னால இரி."

"தரைக்கு அடியில ஒரு ஜாயிண்ட் இருக்கு. ஆடும்போ அது விட்டுப் போவுதான்னு பாக்கணும். இன்னும் பத்து பன்னெண்டு நாள்ல சிங்ஙம் மாசம் வந்துரும், முகூர்த்தம் தொடங்கிரும். பந்தலுக்குப் போற வழியில நின்னா என்ன செய்வீங்க?"

அது அவருக்குப் பட்டது. சாவியை வாங்கிக்கொண்டார். "அப்போ விழிஞ்ஞம் பக்கமா போவோம். போர்ட் ரோடு காலியா கெடக்கும்."

"இல்ல அண்ணாச்சி. சாக்கை தாண்டிதான் போவுதுன்னு ஷிஜு சொன்னான்."

அவர் பைபாஸைப் பார்த்தார், கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "அவன் பேச்செல்லாம் நம்பாத, கேட்டியா" என்றார். பிறகு, "செரி, ஏறு" என்றார்.

பெட்டிக்குள் அவள் தரைத் தகடு ஒன்றைக் கழற்றி வயர் கட்டை வெளியே எடுத்திருந்தாள். பக்கச் சட்டத்தில் இரண்டு பல்புகளைக் கட்டினாள். ஒன்றுக்குப் பேட்டரியிலிருந்தே நேராக ஒரு வயர். இன்னொன்றுக்குச் சாவி சுவிட்சைத் தாண்டி வரும் வயர். இரண்டாவது மட்டும் அணைந்தால் கோளாறு சுவிட்சில். இரண்டும் அணைந்தால் பேட்டரிப் பக்கம். எதுவாக இருந்தாலும் இன்று தெரிந்துவிடும். இரண்டும் இல்லாவிட்டாலும் வெளிச்சம் வேண்டும் என்று இடுப்பில் டார்ச் ஒன்றைச் செருகிக்கொண்டாள். ஓடும்போது கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்ணாச்சி வெளியிலிருந்து சாத்தினார். தாழ்ப்பாள் இழுபட்டு விழுந்த சத்தம் தரைவழியாக அவள் முழங்காலுக்கு வந்தது.

வண்டி கிளம்பியது. ஈஞ்சக்கல் சிக்னலில் நின்று, ஊர்ந்து, மறுபடி வேகம் எடுத்தது. கூரைமேல் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, தரைக்கு அடியில் ஈரச்சாலை சக்கரங்களில் உரிந்து உரிந்து போக, இரண்டு பல்புகளும் மஞ்சளாக, திடமாக எரிந்தன. சின்னக் கண்ணாடி வழியாக அண்ணாச்சியின் பிடரியும், காலரில் மடித்து வைத்த கைக்குட்டையும், ரேடியோவின் நீல வெளிச்சமும் தெரிந்தன. ரேடியோவில் யாரோ மலையாளத்தில் ஏதோ விலை குறைத்துத் தருவதாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கலைச்செல்வி ஜாயிண்டை விரல்களால் பிடித்து ஆட்டினாள். முறுக்கிப் பார்த்தாள். பல்புகள் அசையவில்லை.

வண்டி மேடேறியது. சாக்கைப் பாலம். உடம்பு பின்பக்கமாகச் சாய்வதை வைத்தே அவளுக்குத் தெரிந்தது. உச்சியில் சமமானது. பிறகு முன்பக்கமாகச் சாய்ந்தது.

இரண்டு பல்பும் ஒன்றாக அணைந்தன.

பேட்டரிப் பக்கம், என்று மனதுக்குள் சொன்னாள். நிம்மதியாகக்கூட இருந்தது. டார்ச்சை எடுத்து அமுக்கினாள்.

எரியவில்லை.

மறுபடி அமுக்கினாள். உள்ளங்கையில் தட்டி அமுக்கினாள். காலையில்தான் புது பேட்டரி போட்டிருந்தாள். இந்த டார்ச்சுக்கும் வண்டிக்கும் ஒரு வயரும் கிடையாது. பையிலிருந்து போனை எடுத்தாள். போனின் கண்ணாடி கறுப்பாகவே இருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மழை இல்லை, சக்கரம் இல்லை. பெட்டிக்குள்ளேயே, அவளுக்கு இடப்பக்கம், கனமாக ஏதோ தளும்பியது. அகலமான பாத்திரத்தில் கெட்டியான ஒன்று ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போய், சோம்பலாகத் திரும்பி வருகிற சத்தம். அந்தப் பக்கத்துக் கன்னத்தில் அனல் அடித்தது. அடுப்பை ஒட்டி உட்கார்ந்ததுபோல. வெல்லம். நெய். ஏலக்காய். அதற்கு அடியில் இன்னொன்று. தோல் வெந்த வாசனை.

அவள் கையை நீட்டவில்லை. முழங்கால்களைச் சுருக்கிக்கொண்டு வலப்பக்கத் தகரத்தோடு ஒட்டினாள். தரை ஈரமாக இருந்தது. ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது. பிசுபிசுத்தது.

யாரோ மூச்சு விட்டார்கள். இழுத்து, நிறுத்தி, விட்டார்கள்.

கலைச்செல்வி எழுந்து தடுமாறிக் கண்ணாடிப் பக்கம் விழுந்தாள். தட்டினாள். "அண்ணாச்சி! நிறுத்துங்க! அண்ணாச்சி!" உள்ளங்கையால், பிறகு முஷ்டியால். தகரம் முழுவதும் அதிர்ந்தது. அது கேட்காமல் இருக்க முடியாது.

எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கேபினுக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றிப் போயிற்று. அந்த வெளிச்சத்தில் அவரைப் பார்த்தாள். ஹெட்லைட் இல்லாமல், வைப்பர் இல்லாமல், தண்ணீர் வழியும் கண்ணாடியை நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. வேகம் குறைக்கவில்லை. இடதுகை மட்டும் ரேடியோவுக்குப் போயிருந்தது. செத்துப்போன ரேடியோவின் சத்தக் குமிழைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கடைசிவரை திருப்பினார். மறுபடி. மறுபடி. அந்தக் கைக்கு அது பழகியிருந்தது.

கலைச்செல்வி தட்டுவதை நிறுத்தினாள்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

அவள் காதுக்குப் பக்கத்தில். கண்ணாடிக்குக் கீழே இருந்த தகரத்தில். மூன்று தட்டு, ஒரு இடைவெளி. மூன்று தட்டு. ஈரமான தட்டு. ஒவ்வொரு தட்டிலும் சதை குறைந்து எலும்பு கூடிக்கொண்டு போனது.

கேபினுக்குள் அண்ணாச்சி கத்தினார். கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் இடுக்கு வழியாக அது வார்த்தை வார்த்தையாக வந்தது.

"பந்தி முடியட்டும் மக்ளே! கொஞ்சம் பொறுத்துக்கோ! பந்தி முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிதான்! பந்தி முடியட்டும்!"

சாக்கையிலிருந்து கழக்கூட்டம்வரை. பைபாஸ் ஓரத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. அதைத் தாண்டி, மண்டபத்துக்கு. அங்கே கேபினில் இருந்த மற்ற பாத்திரங்களை மட்டும் இறக்கி, இலை போட்டு, பரிமாறி.

அதுவரை இவன் தட்டியிருக்கிறான்.

அவள் மணிக்கட்டில் ஏதோ வந்து பட்டது. சூடாக, வழுவழுப்பாக, எடையே இல்லாமல். ஐந்து இடங்களில். அவள் கையை உதறவில்லை. பற்கள் கிடுகிடுத்துக்கொண்டிருந்தன, அவற்றுக்கு நடுவே பெயரைச் சொன்னாள்.

"கணேசு."

தட்டு நின்றது. அதே நொடியில் எஞ்சினும் நின்றது.

வண்டி தன் கனத்தில் உருண்டு, ஒதுங்கி, சர்வீஸ் ரோட்டின் சேற்றில் இறங்கி நின்றது. மழை மட்டும். பிறகு கேபின் கதவு. பிறகு பக்கவாட்டில் காலடி. தாழ்ப்பாள் இழுபட்டது.

தாணுமாலையன் மழையில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஆக்குளம் பக்கத்துச் சதுப்பும், கல்யாண முருங்கை வேலியும், சாயங்காலத்தின் கடைசி வெளிச்சமும். கையில் போன் டார்ச் எரிந்தது. அதன் வெளிச்சம் பெட்டிக்குள் சுற்றி வந்தது. காய்ந்த தரை. கழற்றிய தகடு. வேறொன்றும் இல்லை.

"என்ன மக்ளே, பயந்துட்டியா? கரண்ட் போயிட்டு பாத்தியா. இதத்தான் சொன்னேன்."

"தட்டுனேன்" என்றாள். "கேக்கலியா?"

"மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல பிள்ள." துண்டால் முகத்தைத் துடைத்தான். "கேட்டிருந்தா நிறுத்தமாட்டனா?"

அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்வரை ஆம்புலன்ஸில் வந்த முகம். பதினாறு அன்று பந்தியில் நின்று பரிமாறிய முகம். பயம் போய்விடவில்லை. ஆனால் அதன்மேல் வேறொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. அவள் குரல் அவளுக்கே ஆச்சரியமாகச் சாதாரணமாக வந்தது.

"கோளாறு கெடச்சிருச்சு அண்ணாச்சி. இங்கதான் இருக்கு. நீங்க ஏறி இந்த வயரப் புடிச்சுக்கிடுங்க. நான் முன்னால போய் சாவியப் போட்டுப் பாக்கேன்."

"நானா? உள்ளயா?" அவன் கண்ணாடிப் பக்கம் பார்த்தான். "நீ புடி, நான் சாவி போடுதேன்."

"ஃபியூஸ் பாக்கணும். உங்களுக்குத் தெரியாதுல்லா. ஒரு நிமிசம்."

அவன் தயங்கினான். சாலையில் ஒரு பஸ் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயிற்று. தலைக்குமேல் மழை வலுத்தது. கடைசியில் மழைதான் அவனை ஏற்றியது. குனிந்து, முழங்காலில் கைவைத்து, முனகிக்கொண்டு ஏறினான். அவள் வயரின் முனையை அவன் கையில் கொடுத்தாள். சாவியை வாங்கிக்கொண்டாள். இறங்கினாள்.

கதவுகளைச் சாத்தினாள்.

தாழ்ப்பாளை இழுத்தாள். அது முழுவதும் உள்ளே போகிறவரை இழுத்தாள்.

"மக்ளே? எதுக்கு சாத்துத? கலை?"

அவள் தகரத்தில் நெற்றியை வைத்து நின்றாள். மழை கழுத்துவழியாக இறங்கியது. அவனைக் கொல்ல வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. இருட்டில் கொஞ்சநேரம் இருக்கட்டும். வாய்விட்டுச் சொல்லட்டும். சொன்னபிறகு திறக்கலாம். அவ்வளவுதான்.

"அவன் உயிரோட இருந்தான்லா அண்ணாச்சி?"

"ஆரு சொன்னா? அந்த ஷிஜு பயலா?"

"தட்டுனான்லா?"

"கதவத் தெற பிள்ள. மூச்சு முட்டுது."

"தட்டுனானா இல்லியா?"

"ஆயிரம் பேரு பந்தியில ஒக்காந்திருந்தாங்க மக்ளே!" அழுகை வந்துவிட்டது குரலில். "முகூர்த்தம் முடிஞ்சு எல போட்டாச்சு! நான் என்ன செய்வேன்? சூடு பட்டதுக்கெல்லாம் சாவான்னு நான் கண்டனா? ஒரு அரமணிக்கூறு பொறுத்தா..." சட்டென்று நிறுத்தினான். குரல் மாறியது. தாழ்ந்தது. "கலை. உள்ள ஆரோ இருக்கு."

அவள் நெற்றியைத் தகரத்திலிருந்து எடுத்தாள். சுட்டது.

"கலை. லைட்டு அணைஞ்சு போச்சு. ஆரோ இருக்குப் பிள்ள. மூச்சு விடுது. தெற. தெற மக்ளே."

தட்ட ஆரம்பித்தான். இரண்டு கைகளாலும்.

"பந்தி முடியட்டும் அண்ணாச்சி" என்றாள் கலைச்செல்வி. மெதுவாகத்தான் சொன்னாள். உள்ளே கேட்டிருக்காது.

பெட்டிக்குள் தளும்பியது. நின்றிருந்த வண்டியில், யாரும் ஆட்டாத வண்டியில், அது ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போய், சோம்பலாகத் திரும்பி வந்தது. மூன்றாவது முறை விளிம்பைத் தாண்டியது.

அப்படியொரு சத்தத்தை அவள் மனிதர்களிடம் கேட்டதில்லை. ஆடு, மாடு எதனிடமும் கேட்டதில்லை. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். பொத்திய கைகளுக்குள்ளும் அது வந்தது. தாழ்ப்பாளில் கையை வைத்தாள். இரும்பு அடுப்பிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. கையை எடுத்தாள். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியது. துண்டோ துணியோ சுற்றிக்கொண்டு இழுத்திருக்கலாம். தோளில் துப்பட்டா இருந்தது.

அவள் சுற்றவில்லை.

கூரையில் விழுந்த மழை ஒவ்வொரு சொட்டாகச் சீறியது. பெட்டியைச் சுற்றி ஆவி எழுந்தது.

அப்போது விளக்குகள் வந்தன. ஹெட்லைட். பின்விளக்குகள். இண்டிகேட்டர். கேபின் விளக்கு. எல்லாம் ஒன்றாக, ஒரு சிமிட்டல்கூட இல்லாமல், புது வண்டியைப்போல. எஞ்சின் பிடித்தது. சாவி அவள் கையில் இருந்தது. கொப்புளத்தின்மேல் அது அழுந்திக்கொண்டிருந்தது.

கேபினைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். பார்த்தாள். ஓட்டுகிறவரின் ஜன்னலில் ஒரு முழங்கை வெளியே நீண்டிருந்தது. சட்டை இல்லை. தோலும் பாதிதான் இருந்தது. மீதி துணியைப்போலத் தொங்கி மழையில் அசைந்தது. அதன்மேல் விழுந்த தண்ணீர் ஆவியாகிப் போயிற்று. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி சேற்றிலிருந்து மெல்ல ஏறி, சர்வீஸ் ரோட்டில் கழக்கூட்டத்தைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. பின்கதவின் அடி இடுக்கில் நான்கு விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெந்து வெளுத்த விரல்கள். அவை இன்னும் அசைந்தன, தாழ்ப்பாளைத் தேடின.

வேகமே எடுக்கவில்லை வண்டி. கொதிக்கிற வார்ப்பை ஏற்றிக்கொண்டு போகிறவன் ஓட்டுவதுபோல அவ்வளவு பக்குவமாகப் போயிற்று. குழி வந்த இடத்தில் முன்கூட்டியே நிதானித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் இறங்கி ஏறியது. உள்ளே தாணுமாலையன் தட்டிக்கொண்டிருந்தான். மூன்று தட்டு, ஒரு இடைவெளி. மூன்று தட்டு. மண்டபம் இன்னும் வெகுதூரம் இருந்தது. வண்டிக்கு அவசரமே இல்லை.